நாற்பது விநாடி

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

அண்ணன் எழுதுகிறேன். விரல் மரத்துப்போவது கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா? புது மாத்திரை ஒத்துக்கொண்டதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். நீ போனுக்கு வரமாட்டாய், கடிதத்தில்தான் வாய் திறப்பாய் என்பதால் பேனாவை எடுத்தேன். உன் அண்ணிக்கு முட்டிவலி. எனக்குக் கண், பல், முதுகு எல்லாம் வரிசையாக விடைபெற்றுக்கொண்டன. காது மட்டும் மிச்சம். வானொலி நிலையம் என்னை இன்னும் வைத்திருப்பது அதற்காகத்தான்.

விஷயம் இதுதான். நிலையத்தைச் சின்னக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றுகிறார்கள். கிடங்கில் இருக்கிற ஏழாயிரம் ஒலிநாடாக்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஒரு படைப்புக்கு ஒரு பதிவு போதும், மற்றதெல்லாம் கழிவுக்குப் போகட்டும் என்று புது மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். கேட்டுப் பார்த்துப் பரிந்துரை எழுதுவது என் வேலை. மேலாளர் கையெழுத்துப் போடுவார். அவர் எதையும் கேட்கமாட்டார்.

நேற்று கணக்கு வாத்தியார் ஒற்றை வயோலாவுக்கும் முழு இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோ கைக்கு வந்தது. பகலில் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வகுத்தல் சொல்லிக்கொடுத்த மனிதர் சாயங்காலத்தில் இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார் என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மாடியில யாரோ பீரோவ நகத்துறாங்க, போய் என்னன்னு பாருடா" என்றாளே, நினைவிருக்கிறதா? மூன்று பதிவுகள் இருக்கின்றன. முதலில் மீசைக்காரர் வாசித்தது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, அதே அரங்கில், அதே இசைக்குழுவோடு நீ வாசித்தது. இரண்டையும் பதிவு செய்தவன் நான். மூன்றாவது, இந்தக் காலத்து நட்சத்திரம் வெளியூரில் வாசித்தது.

உன்னுடையதை வைப்பதாக எழுதப்போகிறேன். ஏப்ரல் கடைசிக்குள் பட்டியல் போக வேண்டும். நல்ல செய்தி, உன் காதில் போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் கண்ணாடிக் கடை எப்படிப் போகிறது? கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீயே கொடு, சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடாதே. என் உடம்பு பற்றிச் சொல்வதென்றால், மாத்திரை ஒத்துக்கொண்டது, விரல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வில் பிடிக்கிற வலது கை தங்கமாக இருக்கிறது. தந்தியை அழுத்துகிற இடது கையில் மூன்றாவது விரலும் நான்காவது விரலும் யாருடையவோ போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டைப் பொத்தானை அவர்தான் போட்டுவிடுகிறார். வயோலாவைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

உன் செய்தியைப் படித்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பிறகு கோபம் வந்தது. கேட்டுப் பார்க்காமலே தங்கச்சியுடையதை வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அது உத்தியோகமா? நான் வாசித்த வாழ்க்கையில் மிஞ்சப்போவது அந்த ஒரு பதிவுதான் அண்ணா. அது நிற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. ஆனால் நின்றால் அதன் தகுதியில் நிற்க வேண்டும்.

அதனால் மூன்றையும் கேசட்டில் எடுத்து அனுப்பு, என்னிடம் இருந்த என் இசைத்தட்டு தேய்ந்துபோயிற்று. என் பழக்கம் உனக்குத் தெரியும். நான் வாசிக்கிற எதையும் இன்னொருவர் வாசித்து நான் கேட்டதில்லை, காதில் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். மீசைக்காரர் உயிரோடிருந்த வரை அவர் கச்சேரிக்குக்கூடப் போனதில்லை, திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். இனி எனக்கு என்ன பயம்? கேட்டுவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். உன் பரிந்துரையையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அவர் உன்னை விசாரிக்கச் சொன்னார். கடையில் வருகிறவர்கள் எல்லாம் விலை கேட்டுவிட்டுப் பழைய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போகிறார்களாம்.

வாலு


பிப்ரவரி 3

அன்புள்ள வாலு,

ஒத்தடம் நானே கொடுத்தேன். சூடு தாங்காமல் உன் அண்ணி என்னைத் திட்டியது தெருவுக்கே கேட்டது. உன் விரலைப் பற்றிப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. வேறு மருத்துவரைப் பார்க்கலாமா? செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இத்துடன் இரண்டு கேசட்டுகள். ஒன்று நட்சத்திரம், ஒன்று நீ. மீசைக்காரரின் நாடாவில் பசை இளகிவிட்டது, ஓட்டினால் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. சரிசெய்ய நாளாகும். உண்மையைச் சொன்னால் அது உனக்குத் தேவையே இல்லை. பழைய பாணி. மனிதர் வாசித்ததைவிட மீசையைத் தடவியதுதான் அதிகம். இந்த இரண்டையும் கேட்டாலே உனக்குப் புரிந்துவிடும்.

குளிர் நாளில் கைக்கு உறை போட்டுக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணா,

உறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு மருத்துவர் வேண்டாம், மூன்று பேரைப் பார்த்தாயிற்று. மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், பீஸ்தான் வேறு வேறு.

கேசட்டுகளை நாலு தடவை கேட்டேன். நட்சத்திரம் சுத்தமாக வாசிக்கிறார். ஒரு சுரம் பிசகவில்லை. முகச்சவரம் செய்த கன்னம் மாதிரி எல்லாம் வழவழ என்றிருக்கிறது. அந்தக் கான்செர்ட்டோவில் ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். இவர் அவனுக்குப் பல் டாக்டரிடம் போக வழி சொல்கிறார். அவரைத் தள்ளிவிடு, எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்து நான். முதல் பகுதியில் அவசரம். இருபத்துநாலு வயசு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி ஓடியிருக்கிறேன். இரண்டாவது பகுதி பரவாயில்லை. மூன்றாவதில், இசைக்குழு மொத்தமும் வாயை மூடிக்கொள்ள, வயோலா தனியாக நாற்பது விநாடி மேலே மேலே ஏறுகிற இடம் இருக்கிறதே, அங்கே மட்டும் எழுந்து உட்கார்ந்தேன். அந்த நிதானம் எனக்கு எங்கேயிருந்து வந்தது? உச்சிக்கு ஏறுமுன் ஒரு மூச்சு இழுக்கிறேன் பார், அதைத்தான் அன்றைக்குப் பத்திரிகையில் ஒருவர் 'உயிரின் சத்தம்' என்று எழுதினார். மூச்சு இழுத்தது எனக்கே தெரியாது. சளி பிடித்திருந்தது என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் பதிவு இசைத்தட்டாக வந்த பிறகு அந்தக் கான்செர்ட்டோவை ஏன் ஒரு மேடையிலும் வாசிக்கவில்லை என்று அப்போது நீ இரண்டு மூன்று தடவை கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். இன்னொரு நாள் சொல்கிறேன்.

மீசைக்காரர் எங்கே? இளகிய பசைக்கு என்ன வைத்தியம் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்: இளஞ்சூட்டில் வைத்தால் ஒரே நாளில் சரியாகிவிடும். காதில் பூ சுற்றாதே. அனுப்பு.

வாலு


பிப்ரவரி 25

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

வணக்கம். உடல்நலம் எப்படி? கடை விலாசத்துக்கு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இது அவள் கண்ணில் படக்கூடாது.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுடைய பதிவில் அந்த நாற்பது விநாடி அவள் வாசித்ததில்லை. மீசைக்காரர் வாசித்தது.

அன்று அரங்கம் ஆறு மணி வரைக்கும்தான். தனி வாசிப்பில் அவள் ஏறிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்ப வாசிக்கச் சொல்ல நேரம் இல்லை. அவள் ஏழு மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நாலு நாளில் நாடாவை ஒப்படைக்க வேண்டும். முதல் பெரிய பதிவு, இது சறுக்கினால் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தேன். மீசைக்காரரின் நாடா அலமாரியில் இருந்தது. அதே அரங்கம், அதே மைக், பக்கத்தில் வேறு வாத்தியம் ஒன்றும் இல்லாத இடம். அதிலிருந்து நாற்பது விநாடிக்கு ஒரு பிரதி எடுத்தேன். அவளுடையதை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு இதை வைத்து ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. கம்பளியில் ஓட்டை விழுந்தால் அடைப்பதில்லையா, அப்படித்தான் நினைத்தேன்.

பத்திரிகைகள் சரியாக அந்த இடத்தைப் புகழ்ந்தபோதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது முந்தின வருஷத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. அவள் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கமாட்டாள் என்ற தைரியத்தில் இருபத்திரண்டு வருஷம் தூங்கிவிட்டேன்.

மீசைக்காரரின் கேசட் கைக்கு வந்தால் குட்டு உடைந்துவிடும். அந்த மனிதர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மூக்கால் மூச்சு இழுப்பார், துருத்தி என்று இசைக்குழுவில் பட்டப்பெயரே உண்டு. ஏதாவது சொல்லி அவள் மனதை மாற்றுங்கள். இதற்கு மேல் அவளுக்கு இழக்க ஒன்றும் இல்லை.

மச்சான்


மார்ச் 8

மச்சானுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கடைக்கு வந்த அன்றே வீட்டுக்குப் பார்சலும் வந்துவிட்டது. நீங்கள் இழுத்தடிக்கிறீர்கள் என்று அவளே உங்கள் நிலையத்து நூலகப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் மூன்றாம் நாளே அனுப்பிவிட்டாள். நாடாவில் ஒரு கோளாறும் இல்லையாம்.

சனிக்கிழமை மத்தியானம் கேட்டாள். நான் கடையிலிருந்து வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு டேப்ரெக்கார்டர் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் நான் காட்டவில்லை. அவள் கேட்டால் மறைக்கமாட்டேன். இப்படி ஒன்றை என் கடை விலாசத்துக்கு எழுதி என்னையும் இதில் இழுத்துவிட்டீர்களே என்று வருத்தம்தான்.

இப்படிக்கு
மாப்பிள்ளை


மார்ச் 16

அன்புள்ள வாலு,

எப்படி இருக்கிறாய்? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. உன் அண்ணிக்கு முட்டி பரவாயில்லை. கிடங்கில் பாதிப் பெட்டிகளைக் கட்டியாயிற்று. நேற்று ஒரு பெட்டியில் செத்த பல்லி ஒன்று இருந்தது, அதையும் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று மேலாளரைக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வராது.

நேரமிருந்தால் இரண்டு வரி போடு.

அண்ணன்


ஏப்ரல் 4

வாலு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். எனக்கு வேறு வேலையே இல்லையா என்று உன் அண்ணி கேட்கிறாள். திட்டியாவது எழுது. பட்டியல் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

அண்ணி சுகமாக இருக்கட்டும். உன்னை விசாரிக்க எனக்கு இன்று மனசு வரவில்லை.

மீசைக்காரர் நாலு இடத்தில் மூச்சு இழுக்கிறார். நாலாவது மூச்சு என்னுடையது. இரண்டு இயந்திரங்களும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடின. ஆனால் விரல் தந்தியில் வழுக்குகிற சத்தம் வரை இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அப்படி இரண்டு பேர் வாசிக்க முடியாது அண்ணா. ஒருத்தரே இரண்டு தடவை வாசிக்க முடியாது. வீட்டில் இவரைக் கேட்டேன், நீ கடைக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். படித்தேன். கம்பளி ஓட்டை என்று எழுதியிருக்கிறாய்.

ஏன் மேடையில் வாசிக்கவில்லை என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன். இசைத்தட்டு வந்ததும் ஐந்து ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டு சாதகத்தில் உட்கார்ந்தேன். அந்த நாற்பது விநாடி வரவில்லை. தட்டைப் போட்டுக் கேட்பேன், வாசிப்பேன், அது மாதிரி வராது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் அந்த ஒரே இடத்தை வாசித்தேன். இருபத்துநாலு வயசில் சுலபமாக வந்தது இருபத்தைந்தில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கை போய்விட்டது, எனக்குள் இருந்தது அவ்வளவுதான், அன்று ஒரு நாள் தப்பித் தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்து ஊருக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இசைக்குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். என்னோடு நானே போட்டி போட்டுத் தோற்றேன் என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

விரல் மரத்ததற்கு உன்னைச் சொல்லமாட்டேன். மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் சொல்வேன். நீ எனக்கு நல்லது நினைத்தாய் என்று தெரியும். அதனால் என் கோபம் குறையவில்லை.

பட்டியலில் மீசைக்காரர் பேரை எழுது. அவருடையதுதான் சிறந்தது, தகுதியில் சொல்கிறேன். என்னுடையதைக் கழிவுக்கு அனுப்பு.

ஒன்று மட்டும் எனக்குச் சொல். நான் எப்படி வாசித்தேன்? நீ வெட்டி எறிந்தாயே, அதில் என்ன இருந்தது? அந்தத் துண்டு எங்கேயாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் வாயால் சொல். எதற்கும் நான் அழமாட்டேன்.

வாலு


மே 2

அன்புள்ள வாலு,

என்னை விசாரிக்க வேண்டாம். நான் இருக்கிறேன்.

நீ சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். முந்தாநாள் லாரி வந்தது. உன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை.

துண்டு இல்லை. அன்றே குப்பைக்கூடையில் போட்டேன், காலையில் கூட்டிப் பெருக்கியவர் எடுத்துப் போய்விட்டார்.

நீ எப்படி வாசித்தாய் என்று கேட்டாய். இதை எழுதப் பத்து நாளாயிற்று. அன்று இசைக்குழுவை நடத்தியவர் காலமாகிவிட்டார், கணக்கு வாத்தியாரும் போய்விட்டார். அந்த நாடாவை வெட்டுமுன் ஓட்டிக் கேட்டவன் நான் ஒருத்தன். நடுவில் எங்கோ நீ நின்ற மாதிரி ஞாபகம். தடுமாறி நின்றாயா, வேண்டுமென்றே நின்றாயா? மூன்று வருஷமாக மீசைக்காரரைக் கேட்டுக் கேட்டு அதுதான் சரி என்று என் காதில் பதிந்திருந்தது. அதைப் போல இல்லாதது எதுவும் அன்று எனக்குத் தப்பாகத்தான் கேட்டிருக்கும். நீ வாசித்தது தப்பா, வேறு மாதிரியா என்று நிதானிக்க எனக்குப் பொறுமை இல்லை. பிறகு ஒட்டியதையே ஆயிரம் தடவை கேட்டதில் உன்னுடையது என் தலையிலிருந்தும் அழிந்துபோயிற்று. கண்ணை மூடினால் அவர்தான் கேட்கிறார்.

'நன்றாகத்தான் வாசித்தாய்' என்று எழுதி இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்படி எழுதினால் அது இன்னொரு ஒட்டு. எனக்கு ஞாபகம் இல்லை, வாலு. அதுதான் உண்மை.

நான் வரட்டுமா? நீ சரி என்று சொன்னால்தான் வருவேன்.

அண்ணன்


ஜூன் 11

மச்சானுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு தேவலையா? இங்கே நான் நலம். அவளைப் பற்றி எழுதத்தான் அவளே என்னை உட்கார வைத்திருக்கிறாள். அவளுக்குக் கையெழுத்து வருகிறது. உங்களுக்கு எழுதத்தான் முடியவில்லை என்கிறாள். இப்போதைக்கு நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தாள். சொன்னபடி அழவில்லை. மறுநாள் வயோலாவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள். தந்தி போயிருந்தது, கடைத்தெருவில் வாங்கி வந்து அவள் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நாற்பது விநாடியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு விரல் வேலை செய்யாது. அழுத்துகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாததால் கண்ணால் பார்த்துப் பார்த்து விரலை வைக்கிறாள். கீச்சென்று ஒரு சத்தம் வரும், நிறுத்துவாள், திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். எனக்குச் சங்கீதம் தெரியாது, என்றாலும் கேட்கச் சகிக்கவில்லை மச்சான். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று கேட்டேவிட்டேன், "எதுக்கும்மா இது?" என்று. "நான் எப்படி வாசிச்சிருப்பேன்னு தேடுறேன்" என்றாள்.

அந்த வருஷம் அவள் வாசித்த சுரத்தாளை எடுத்து வைத்திருக்கிறாள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலால் குறித்திருந்தது. ஆனால் பிற்பாடு இசைத்தட்டில் இருக்கிற மாதிரி வர வேண்டும் என்று அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் காகிதமே ஓட்டை. பதிவு அன்றைக்கு எப்படி ஏறினாள் என்பது அவளுக்கும் தெரியவில்லை.

உங்களைக் கேட்கச் சொன்னாள். காதால் கேட்டது மறந்துவிட்டது, சரி. நீங்கள் பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? உச்சிக்கு ஏறும்போது அவள் வைத்தது மூன்றாவது விரலா, நான்காவது விரலா? அது மட்டும் தெரிந்தால் போதுமாம். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதச் சொன்னாள்.

பதிலைக் கடைக்கு எழுத வேண்டாம், வீட்டுக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு
மாப்பிள்ளை